பேக்கேஜா, கம்பைலா? லினக்ஸ்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவர்கள், நெல்லை டவுனில் டிடிபி கடை வைத்திருப்பவர்கள், தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளிக் கணினி அறையைக் கவனிக்கும் ஆசிரியர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பேக்கேஜ் என்பது ஏற்கெனவே கட்டித் தயாராக வரும் மென்பொருள். கம்பைல் என்பது மூலநிரலை எடுத்து நாமே கட்டிக்கொள்வது. பதில்கள் உபுண்டு, டெபியன், மின்ட் என்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்கானவை. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும், பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் சொல்லியிருக்கிறோம். கட்டளைக்கு முன் ‘சூடோ’ வந்தால் அது நிர்வாகி உரிமையோடு ஓடும்.

அண்ணாச்சி, ஆப்ட்ல எல்லாந்தான் கெடக்கு. பின்ன என்னத்துக்கு கம்பைல் பண்ணணும்?

பெரும்பாலான நேரம் பண்ணவே வேண்டாம். ஆப்ட் என்பது களஞ்சியம் எனப்படும் பேக்கேஜ் சேமிப்பிடத்திலிருந்து மென்பொருளை எடுத்து நிறுவும் கருவி. அது ஒரு மென்பொருளைப் போடும்போது, அதற்கு வேண்டிய லைப்ரரிகளை (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புகளை) சேர்த்துப் போடுகிறது. எந்தக் கோப்பு எங்கே போனது என்று குறித்து வைக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் கொண்டுவருகிறது. வேண்டாம் என்றால் சுத்தமாக எடுக்கிறது. கையால் கம்பைல் செய்தால் இந்த நான்கு வேலையும் உங்கள் தலையில்.

அந்தச் சுமைக்கு ஈடான காரணம் இருந்தால் மட்டும் கம்பைல் செய்யுங்கள். உங்களுக்கு வேண்டிய வசதி புதிய வெர்ஷனில் மட்டும் இருக்கலாம். களஞ்சியத்தில் அந்த மென்பொருளே இல்லாமல் இருக்கலாம். களஞ்சியத்தில் இருப்பதில் ஒரு வசதியை அணைத்து வைத்திருக்கலாம். அல்லது நிரலில் நீங்களே ஒரு வரியை மாற்ற வேண்டியிருக்கலாம். ‘புதுசு வந்திருக்கு’ என்பது மட்டும் காரணமாகாது.

நம் பக்கத்தில் அதிகம் வரும் உதாரணம் டெசராக்ட். ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் நிரல். உபுண்டு 22.04-இல் கிடைப்பது 4.1.1. டெபியன் 12-இல் 5.3.0, உபுண்டு 24.04-இல் 5.3.4. ஆக, 22.04 வைத்திருப்பவருக்கு மட்டுமே இந்தக் கேள்வி எழுகிறது. கீழே பல இடங்களில் இதே உதாரணம் வரும்.

ஆப்ட்ல வர்றது ரெண்டு மூணு வருசம் பழசுல்லா? பழசுன்னா ஓட்டையும் இருக்கும்லா?

எண் பழசு, உள்ளே இருப்பது அப்படியே பழசு அல்ல. டெபியனும் உபுண்டுவும் ஒரு வெளியீட்டில் வெர்ஷன் எண்ணைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வெர்ஷனில் தைத்துவிடுவார்கள். எண்ணின் வாலில் உபுண்டு0.1, டெப்12யூ1 என்று ஒட்டிக்கொண்டிருப்பது அதன் அடையாளம். ‘ஆப்ட் சேஞ்ச்லாக்’ என்று அடித்துப் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால், எந்த ஓட்டை எப்போது அடைக்கப்பட்டது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

உபுண்டுவில் ஒன்று கவனிக்க வேண்டும். ‘மெயின்’ பகுதிப் பேக்கேஜ்களுக்குத்தான் இந்தக் கவனிப்பு உறுதி. ‘யூனிவர்ஸ்’ பகுதியில் அப்படிச் சொல்ல முடியாது. எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்பதை ‘ஆப்ட் பாலிசி’ காட்டும்.

கம்பைல் பண்ணாமலே புதுசு கெடைக்க வழி உண்டா?

உண்டு, கம்பைலுக்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். டெபியனில், புதிய வெர்ஷன்களை இருக்கும் வெளியீட்டுக்காகக் கட்டித் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியம் இருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டு, டெபியன் 12 (புக்வார்ம்) என்றால் ‘ஆப்ட் இன்ஸ்டால் -டி புக்வார்ம்-பேக்போர்ட்ஸ்’ என்று அடித்துப் பெயரைக் கொடுத்தால் அந்த ஒன்று மட்டும், அதற்கு வேண்டியவற்றோடு, புதிதாக வரும். மற்றவை அப்படியே இருக்கும்.

திரையில் ஓடும் பெரிய மென்பொருள்களுக்கு, வேண்டிய லைப்ரரிகளோடு சேர்த்தே பொதிந்து வரும் ஃப்ளாட்பேக்கோ ஆப்இமேஜோ போதும். கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர்கள் ஸ்க்ரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் பற்றிக் கேட்பார்கள். 1.4 வரிசையில் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேராது, கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். 1.5 வரிசையில்தான் அது சரியானது. 1.6 என்ற நிலையான வெளியீடு 2024 ஜனவரியில் வந்தது. இதற்காக ஸ்க்ரைபஸைக் கம்பைல் செய்வது வீண் வேலை, ஆப்இமேஜை இறக்கி இயக்க அனுமதி கொடுத்தால் ஓடும். உபுண்டு 22.04-இல் ஓடாவிட்டால் ‘லிப்ஃப்யூஸ்2’ பேக்கேஜைப் போடுங்கள். அது அங்கே இயல்பாக இருப்பதில்லை.

உபுண்டுவில் பிபிஏ எனப்படும் தனிநபர் களஞ்சியமும் ஒரு வழி, ஆனால் யோசித்துச் சேருங்கள். பிபிஏ வைத்திருப்பவர் உங்கள் கணினியின் எந்தப் பேக்கேஜையும் தன்னுடையதால் மாற்ற முடியும். பெரும்பாலும் அது ஒரே ஒரு ஆள் ஓய்வு நேரத்தில் நடத்துவது. திரும்பிப் போக ‘பிபிஏ-பர்ஜ்’ உண்டு.

கான்ஃபிகர் அடிச்சா அது இல்ல, இது இல்லன்னே வருது. லைப்ரரி எல்லாம் போட்டுத்தான் வச்சிருக்கேன். என்ன செய்ய?

கான்ஃபிகர் என்பது கம்பைலுக்கு முன், வேண்டியவை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட். லைப்ரரி இருந்தால் ஓட்டத்தான் முடியும். கம்பைல் செய்ய, அதில் என்னென்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் கோப்புகள் வேண்டும். டெபியன் குடும்பத்தில் அவை பெயரின் கடைசியில் ‘-டெவ்’ என்று முடியும் தனிப் பேக்கேஜில் இருக்கும். லிப்பிஎன்ஜி கேட்டால் ‘லிப்பிஎன்ஜி-டெவ்’ போட வேண்டும். இன்ன ஹெடர் எந்தப் பேக்கேஜில் என்று தெரியாவிட்டால் ‘ஆப்ட்-ஃபைல்’ நிறுவி, ‘ஆப்ட்-ஃபைல் அப்டேட்’ ஒரு முறை ஓட்டி, ‘ஆப்ட்-ஃபைல் சர்ச்’ என்று கோப்புப் பெயரைத் தேடுங்கள்.

களஞ்சியத்தில் பழைய வெர்ஷன் இருக்கிறது என்றால் இன்னும் எளிது. ‘சூடோ ஆப்ட் பில்ட்-டெப் டெசராக்ட்’ என்று அடித்தால், பழைய வெர்ஷனைக் கட்ட என்னென்ன தேவையோ அத்தனையும் வந்துவிடும். புதியதற்கு அநேகமாக அதுவே போதும். இதற்கு ‘டெப்-எஸ்ஆர்சி’ வரிகள் திறந்திருக்க வேண்டும். 22.04-இல் ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ சாளரத்தில் ‘சோர்ஸ் கோட்’ என்பதில் டிக் போடுங்கள். 24.04-இல் ‘உபுண்டு.சோர்சஸ்’ கோப்பில் ‘டைப்ஸ்: டெப்’ என்பதை ‘டைப்ஸ்: டெப் டெப்-எஸ்ஆர்சி’ என்று மாற்றுங்கள்.

பிறகு வரிசை இதுதான்: மூலநிரல் ஃபோல்டருக்குள் போய் ‘./ஆட்டோஜென்.எஸ்ஹெச்’, ‘./கான்ஃபிகர்’, ‘மேக்’ (கம்பைல் செய்யும்), ‘சூடோ மேக் இன்ஸ்டால்’ (கோப்புகளை நிறுவும்), கடைசியில் ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ (புதிய லைப்ரரிகளைக் கணினிக்குத் தெரியப்படுத்தும்). நான்காவதை அடிக்கும் முன் கீழே ‘எங்க போடணும்’ என்ற கேள்வியைப் படித்துவிடுங்கள். தினசரி டேட்டா பேக்கில் இருப்பவர்கள் மூலநிரலை ‘கிட் க்ளோன் --டெப்த் 1’ என்று எடுத்தால் பழைய வரலாறு முழுவதும் இறங்காது.

மேக் ஓடும்போது பாதியில ‘கில்டு’ன்னு வந்து நின்னுருது. லேப்டாப் போச்சா?

லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ராம் தீர்ந்துவிட்டது. ‘சிசி1ப்ளஸ்’ என்ற பெயரோடு ‘கில்டு’ வந்தால் லினக்ஸின் மையமான கெர்னல்தான் கம்பைலரை நிறுத்தியிருக்கிறது. ‘சூடோ டிமெஸ்ஜி’ கடைசி வரிகளில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று இருக்கும். இணையத்தில் பார்த்து ‘மேக் -ஜே8’ அடித்ததால் வரும் வினை இது. -ஜே எண் என்பது ஒரே நேரத்தில் எத்தனை கோப்பு கம்பைல் ஆகலாம் என்பது. சி++ நிரல் என்றால் ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று கணக்கு வையுங்கள். 8 ஜிபிக்கு -ஜே4, 4 ஜிபிக்கு -ஜே2. பழைய அரசு மடிக்கணினி 2 ஜிபி ராமோடு இருந்தால் -ஜே1 தவிர வேறு வழியில்லை.

அதுவும் போதாவிட்டால், ராமுக்குத் துணையாக வட்டில் 4 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்று சேருங்கள்: ‘ஃபாலொகேட்’ கொண்டு கோப்பை உருவாக்கி, ‘சிஹெச்மாட் 600’ கொடுத்து, ‘எம்கேஸ்வாப்’, ‘ஸ்வாப்ஆன்’. உபுண்டுவில் ‘/ஸ்வாப்ஃபைல்’ என்ற பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கலாம், அதன் மேல் எழுதிவிடாதீர்கள், வேறு பெயர் வையுங்கள்.

நடுவுல கரண்டு போயிட்டுன்னா முதல்ல இருந்தா?

இல்லை. மேக் கோப்புகளின் நேரத்தைப் பார்த்து, முடிந்தவற்றை விட்டுவிட்டு மீதியை மட்டும் செய்யும். அதே ஃபோல்டரில் மறுபடி ‘மேக்’ அடித்தால் போதும். ஒரே சிக்கல், கரண்ட் போன கணத்தில் எழுதிக்கொண்டிருந்த ‘.ஓ’ கோப்பு அரைகுறையாகக் கிடக்கலாம். மேக் அதை முடிந்தது என்றே நினைக்கும், கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும்போது (லிங்க்) ‘ஃபைல் ட்ரங்கேட்டட்’ என்று முட்டும். பிழையில் வரும் அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மேக்கை ஓட்டுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் பெரிய கம்பைலைத் தொடங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

சூடோ மேக் இன்ஸ்டால் அடிச்சுட்டேன். இப்ப எடுக்கணும். ஆப்ட் ரிமூவ் சொன்னா அப்படி ஒண்ணே இல்லங்கு.

வீட்டில் ஆள் இருக்கிறார், ரேஷன் கார்டில் பெயர் இல்லை. அதுதான் நிலைமை. மேக் இன்ஸ்டால் கோப்புகளை நகலெடுத்து வைத்ததோடு சரி, ஆப்டிடம் எதையும் பதியவில்லை.

மூலநிரல் ஃபோல்டர் இன்னும் இருந்தால் அதற்குள் போய் ‘சூடோ மேக் அன்இன்ஸ்டால்’ முயலுங்கள். கான்ஃபிகர் ஓட்டிக் கட்டும் ஆட்டோடூல்ஸ் வகையில் இது அநேகமாக வேலை செய்யும். சிமேக் என்ற வேறு கருவியில் கட்டியது என்றால், பில்ட் ஃபோல்டரில் ‘இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட்.டெக்ஸ்ட்’ என்ற பட்டியல் இருக்கும். அதில் உள்ளவற்றைப் படித்துப் பார்த்துவிட்டு நீக்கலாம். ஃபோல்டரை அழித்துவிட்டீர்கள் என்றால் அதே வெர்ஷனை மறுபடி இறக்கி, அதே தேர்வுகளோடு கான்ஃபிகர் செய்து, அன்இன்ஸ்டால் ஓட்டலாம். சுற்றிவளைத்த வழிதான், ஆனால் ஒவ்வொரு கோப்பாகத் தேடி அழிப்பதைவிட ஆபத்து குறைவு.

ஒரு கோப்பு யாருடையது என்ற சந்தேகம் வந்தால் ‘டிபிகேஜி -எஸ்’, எஸ் பெரிய எழுத்தில், அடித்து முழுப் பாதையைக் கொடுங்கள். பேக்கேஜ் பெயர் வந்தால் அது ஆப்டின் சொத்து, கை வைக்காதீர்கள்.

அப்பம் எங்க போடணும்? சேதமில்லாம எடுக்கிற மாதிரி.

முதல் விதி: ‘/யூஎஸ்ஆர்’ ஆப்டுக்குச் சொந்தம். அதற்குள் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ மட்டும் உங்களுக்கு. டெபியன் பேக்கேஜ்கள் அங்கே கோப்பு வைக்கக் கூடாது என்பது டெபியனின் எழுதப்பட்ட கொள்கை. எங்கே நிறுவ வேண்டும் என்பதைக் கான்ஃபிகரிடம் சொல்வது ப்ரிஃபிக்ஸ். சிலர் ‘--ப்ரிஃபிக்ஸ்=/யூஎஸ்ஆர்’ என்று கொடுக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் ஆப்ட் உங்கள் கோப்பின் மேல் எழுதும், பாதி அது, பாதி இது என்று ஆகிவிடும்.

எளிதான வழி, ஒவ்வொன்றுக்கும் தனி இடம். ‘./கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=/ஆப்ட்/டெசராக்ட்-5’ என்று கொடுங்கள். இங்கே ‘ஆப்ட்’ என்பது ஓ, பி, டி என்ற மூன்றெழுத்து அடைவு, ஏபிடி கட்டளை அல்ல. வேண்டாம் என்றால் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் முடிந்தது. ஆனால் அதன் லைப்ரரி அதற்குள்ளேயே இருப்பதால், எங்கே தேடுவது என்பதை நிரலிலேயே பதிய வேண்டும். கான்ஃபிகரில் எல்டிஃப்ளாக்ஸ் (பெரிய எழுத்தில்) வழியாக ‘ஆர்பாத்’ கொடுப்பது அதற்குத்தான்.

நிறைய கம்பைல் செய்பவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஸ்டோ, நிறுவியவற்றை இணைப்புகள் (சிம்லிங்க்) மூலம் நிர்வகிக்கும் கருவி. கான்ஃபிகரில் ப்ரிஃபிக்ஸ் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ என்றே இருக்கட்டும். இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் ‘மேக் இன்ஸ்டால் ப்ரிஃபிக்ஸ்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/ஸ்டோ/டெசராக்ட்-5’ என்று அடியுங்கள். பிறகு அந்த ஸ்டோ ஃபோல்டருக்குள் நின்று ‘ஸ்டோ டெசராக்ட்-5’. கோப்புகள் தனி ஃபோல்டரில் இருக்க, ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ உள்ளே இணைப்புகள் மட்டும் வரும். ‘ஸ்டோ -டி’ கொடுத்தால், டி பெரிய எழுத்தில், எல்லா இணைப்பும் போய்விடும். இரண்டு வெர்ஷனை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்க்கவும் வசதி. ஆப்டிலேயே பதிவாக வேண்டும் என்றால் மேக் இன்ஸ்டாலுக்குப் பதில் ‘செக்இன்ஸ்டால்’ ஓட்டலாம். அது ஒரு டெப் பேக்கேஜ் கட்டி நிறுவும்.

புதுசு போட்டாச்சு. ஆனா வெர்ஷன் கேட்டா பழசையே சொல்லுது. தமிழும் வரமாட்டேங்கு.

பழையதையே காட்டினால், நீங்கள் அடிப்பதை வாங்கி ஓட்டும் ஷெல் முந்தைய பாதையை ஞாபகம் வைத்திருக்கிறது. ‘ஹாஷ் -ஆர்’ அடியுங்கள், அல்லது டெர்மினலை மூடித் திறங்கள். ‘விச் -ஏ டெசராக்ட்’ இரண்டு பாதைகளையும் வரிசையாகக் காட்டும். ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’ முதலில் இருக்க வேண்டும்.

‘லிப்டெசராக்ட்.எஸ்ஓ.5’ திறக்க முடியவில்லை என்று வந்தால் ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ விட்டுப்போயிருக்கிறது. தமிழ் வராததற்குக் காரணம் வேறு. ஆப்ட் வழியாகப் போட்ட தமிழ்த் தரவு ‘/யூஎஸ்ஆர்/ஷேர்/டெசராக்ட்-ஓசிஆர்/4.00/டெஸ்டேட்டா’ உள்ளே இருக்கிறது. நீங்கள் கட்டியதோ ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டெஸ்டேட்டா’ உள்ளே தேடுகிறது. ‘டாம்.ட்ரெயின்ட்டேட்டா’ கோப்பை அங்கே நகலெடுங்கள், அல்லது ‘டெஸ்டேட்டா_ப்ரிஃபிக்ஸ்’ என்ற சூழல் மாறியில் (பெயர் முழுதும் பெரிய எழுத்தில்) பழைய பாதையைக் கொடுங்கள். 4-க்கான அந்தத் தரவு 5-இலும் ஓடும். தரவுகளில் வேகமானது, துல்லியமானது என்று இரு வகை உண்டு. உபுண்டு தருவது வேகமானது. பழைய அச்சுப் புத்தகம் ஸ்கேன் செய்பவர்கள் ‘பெஸ்ட்’ வகையை இறக்கிப் போட்டுப் பார்க்கலாம். கம்பைலே இல்லாமல் இதிலேயே சிலருக்கு வேலை முடிந்துவிடும்.

லோக்கல்லதான போட்டேன், பின்ன எப்படி ஆப்ட்ல வந்த கர்ல் கெட்டுப்போச்சு?

நிரலைப் போடுவது வேறு, லைப்ரரியைப் போடுவது வேறு. உபுண்டுவிலும் டெபியனிலும் லைப்ரரி தேடும் வரிசையில் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்’ முன்னால் நிற்கிறது. அங்கே நீங்கள் ஒரு ‘லிப்கர்ல்.எஸ்ஓ.4’ வைத்தால், ஆப்ட் போட்ட கர்லும் (இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கட்டளை), லிப்கர்லை நம்பியிருக்கும் மற்ற நிரல்களும் உங்களுடையதையே எடுத்துக்கொள்ளும். ‘நோ வெர்ஷன் இன்ஃபர்மேஷன் அவைலபிள்’ என்று எச்சரிக்கை வரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ‘அன்நோன் ஆப்ஷன்’ என்று கர்ல் நின்றுவிடும்.

ஒரு நிரல் எந்தெந்த லைப்ரரியை எடுக்கிறது என்று காட்டுவது எல்டிடி. ‘எல்டிடி /யூஎஸ்ஆர்/பின்/கர்ல்’ அடித்துப் பாருங்கள். லோக்கல் பாதை தெரிந்தால் காரணம் அதுதான். அந்த லைப்ரரியை நீக்கி எல்டிகான்ஃபிக் ஓட்டினால் சரியாகும். மேலே டெசராக்டில் இந்தச் சிக்கல் வரவில்லை, ஏனென்றால் பழையது எஸ்ஓ.4, புதியது எஸ்ஓ.5, பெயரே வேறு. எஸ்ஓ எண் ஒன்றாக இருக்கும் லைப்ரரியைத் தனி ப்ரிஃபிக்ஸில் ஆர்பாத் கொடுத்துத்தான் வைக்க வேண்டும்.

பைத்தான் புதுசு கம்பைல் பண்ணி, பைத்தான்3-ன்னு லிங்க் மாத்தலாமா?

மாற்றாதீர்கள். ‘/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3’ கணினியின் சொந்த உபயோகத்துக்கு. அதை மாற்றினால் ‘ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி’ போன்றவை ‘ஆப்ட்_பிகேஜி இல்லை’ என்று விழும், சிலருக்கு டெர்மினலே திறக்காது. புதிய பைத்தான் வேண்டுமென்றால் ‘மேக் இன்ஸ்டால்’ இடத்தில் ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ கொடுங்கள். பைத்தான்3.13 போல எண்ணோடு மட்டும் வரும். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று தடுத்தால் அதுவும் இதே காரணத்துக்காக. டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் இந்தத் தடை உண்டு. ‘வென்வ்’ என்ற தனிச் சூழலை உருவாக்கி அதற்குள் போடுங்கள். தடையை உடைக்கும் நீளமான ஆப்ஷனைத் தேடிப் போகாதீர்கள்.

நம்ம மெசின்லயே கம்பைல் பண்ணினா வேகமா ஓடும்னு சொல்லுதாங்களே?

வீடியோ மாற்றுவது, கணிதக் கணக்கு போன்றவற்றில் கொஞ்சம் தெரியலாம். எடிட்டர், பிரவுசர் போன்றவற்றில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ‘-மார்ச்=நேட்டிவ்’ கொடுத்துக் கட்டியதைப் பழைய கணினிக்கு நகலெடுத்தால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று விழும்.

மூலநிரல்ல இருந்து கட்டுனா பாதுகாப்புதான? நம்ம கண்ணு முன்னால கட்டுறோம்லா?

கட்டுவது கண் முன்னால்தான், படித்துப் பார்த்துவிட்டா கட்டுகிறோம்? 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்ஸெட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரத்தைப் பாருங்கள். 5.6.0, 5.6.1 வெளியீட்டுப் பொதிகளில், கிட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு பில்ட் கோப்பு வழியாகப் பின்வாசல் திறக்க வழி செய்திருந்தார்கள். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து உள்நுழைவது சற்றுத் தாமதமாவதைத் துருவிப் பார்த்த ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் அதைக் கண்டுபிடித்தார். டெப் அல்லது ஆர்பிஎம் வகைப் பேக்கேஜ் கட்டும்போதுதான் அது வேலை செய்யும்படி அமைக்கப்பட்டிருந்தது. டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது வந்துவிட்டது, நிலையான வெளியீட்டுக்குள் வரவில்லை. காரணம், அங்கே எக்ஸ்ஸெட் பழசு.

இறக்கிய பொதியை ‘எஸ்ஹெச்ஏ256சம்’ கொண்டு ஒப்பிடுங்கள், கையொப்பம் இருந்தால் ‘ஜிபிஜி --வெரிஃபை’ ஓட்டுங்கள். கம்பைல் செய்த ஒவ்வொன்றின் வெளியீட்டு அறிவிப்பையும் பின்தொடருங்கள். உங்களுக்காக வேறு யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

நண்பன் மெசின்ல கட்டுனத என் மெசின்ல ஓட்டுனா ‘ஜிலிப்சி 2.38 நாட் ஃபவுண்ட்’ங்கு. ஜிலிப்சியை ஏத்திரலாமா?

கூடவே கூடாது. கிட்டத்தட்ட எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி அது. ஜிலிப்சி கெட்டால் ‘எல்எஸ்’கூட ஓடாது. 22.04-இல் இருப்பது 2.35, 24.04-இல் 2.39. புதியதில் கட்டியது பழையதில் ஓடாது, பழையதில் கட்டியது புதியதில் பொதுவாக ஓடும். எனவே உங்கள் கணினியிலேயே கட்டுங்கள், அல்லது இருக்கும் கணினிகளில் மிகப் பழைய வெளியீடு எதுவோ அதில் கட்டி மற்றவற்றுக்குக் கொடுங்கள்.

சார், லேப்ல 30 மெசின் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் கம்பைல் பண்ணணுமா?

ஒன்றில் மட்டும் கட்டுங்கள். அதை டெப் ஆக்கி மற்றவற்றில் ‘ஆப்ட் இன்ஸ்டால் ./’ என்று கோப்புப் பெயரோடு நிறுவுங்கள். களஞ்சியத்தில் உள்ளதையே சிறு மாற்றத்தோடு கட்டுவதாக இருந்தால் ‘ஆப்ட் சோர்ஸ்’ கொண்டு மூலத்தை எடுத்து, ‘டிசிஹெச் --லோக்கல் நெல்லை’ என்று வெர்ஷனில் அடையாளம் சேர்த்து, ‘டெபில்ட் -பி -யூஎஸ் -யூசி’ ஓட்டுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெர்ஷன் 3 என்பது ‘3நெல்லை1’ ஆகும், அது 3-ஐவிடப் பெரியது. பிறகு ‘3உபுண்டு0.1’ என்று பாதுகாப்புத் திருத்தம் வந்தால், ஆங்கிலத்தில் என்னுக்குப் பிறகு யூ வருவதால் அது உங்களுடையதைவிடப் பெரியது என்று ஆப்ட் கணிக்கும், உங்கள் மாற்றம் போய்விடும். ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ போட்டு நிறுத்தலாம், ஆனால் அப்போது திருத்தமும் வராது. ஹோல்ட் போடாமல் விட்டு, திருத்தம் வந்ததும் அதன் மேல் மறுபடி கட்டுவதே சரி. எல்லாக் கணினியும் தனித்தனியே அப்டேட் இறக்காமலிருக்க ஒன்றில் ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’ போட்டு, மற்றவற்றின் ப்ராக்ஸியாக அதன் 3142 போர்ட்டைக் கொடுங்கள். ஒரு முறை இறங்கியது அறை முழுவதற்கும் போதும்.

வைஃபை டாங்கிளுக்கு டிரைவர் கம்பைல் பண்ணினேன். அப்டேட் ஆனதும் வைஃபை போச்சு.

டிரைவர் ஒரு குறிப்பிட்ட கெர்னலுக்குக் கட்டப்படுவது. கெர்னல் மாறினால் மறுபடி கட்ட வேண்டும். டிகேஎம்எஸ் (டிரைவரைத் தானாக மறுபடி கட்டும் கருவி) ஆதரவுள்ள டிரைவரை எடுத்து, உங்கள் கெர்னல் வரிசைக்கான ஹெடர்ஸ் பேக்கேஜும் (உபுண்டுவின் வழக்கமான கெர்னலுக்கு ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்’) போட்டு வைத்தால் ஒவ்வொரு கெர்னலுக்கும் தானே கட்டிக்கொள்ளும். ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்று வந்தால் கையொப்பமில்லாததை ஏற்காத செக்யூர் பூட் தடுக்கிறது. நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லை, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் ‘என்ரோல் எம்ஓகே’ தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் தாண்டிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

22.04-ல இருந்து 24.04 போகப்போறேன். கையால கட்டுனது எல்லாம் என்னாகும்?

கோப்புகள் அப்படியே இருக்கும், ஆனால் அவை நம்பியிருந்த லைப்ரரிகள் மாறியிருக்கும். 20.04-இலிருந்து 22.04-க்கு வந்தவர்களில் பலருக்கு ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1’ காணாமல் போனது இப்படித்தான், புதியதில் ஓபன்எஸ்எஸ்எல் 3 மட்டுமே இருந்தது. பழைய லைப்ரரியை எங்கிருந்தோ எடுத்துப் போட்டு ஒட்டவைக்காதீர்கள், மறுபடி கட்டுங்கள்.

ஏற்றும் முன் ‘ஃபைண்ட் /யூஎஸ்ஆர்/லோக்கல் -டைப் எஃப்’ ஓட்டிப் பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோ வைத்திருந்தால் எல்லாவற்றையும் ‘ஸ்டோ -டி’ கொடுத்துக் கழற்றுங்கள். ஏற்றியபின் ஒவ்வொரு நிரலுக்கும் ‘எல்டிடி’ ஓட்டி, ‘நாட் ஃபவுண்ட்’ இருப்பவற்றை மட்டும் திரும்பக் கட்டுங்கள். பிபிஏக்களை ஏற்றும் கருவியே அணைத்துவிடும், புதிய வெளியீட்டுக்கு அவை இருக்கின்றனவா என்று பார்த்துத் திறங்கள்.

டெசராக்டுக்காகத்தான் கம்பைல் செய்தீர்கள் என்றால், 24.04-இல் 5.3.4 ஆப்டிலேயே இருக்கிறது. உங்களுடையதை நீக்கிவிட்டு ‘டெசராக்ட்-ஓசிஆர்’, ‘டெசராக்ட்-ஓசிஆர்-டாம்’ இரண்டையும் போடுங்கள். ‘.பேஷ்ஆர்சி’ கோப்பில் ‘டெஸ்டேட்டா_ப்ரிஃபிக்ஸ்’ வரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். புதியதில் தரவு இருக்கும் பாதை 4.00 அல்ல, 5. அந்த வரி இருக்கும்வரை தமிழ் கிடைக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.